என் பாத்தியில் ராக்காயியின் மண்

ராக்காயியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் எனக்கு வராது. போன மாசியில் அவள் செத்தபோது எங்கள் வரிசைவீட்டு லயமே கூடி ஒப்பாரி வைத்தது. நல்ல உழைப்பாளி என்றார்கள். வாய்தான் அப்படி, மனசு வெள்ளை என்றார்கள். நான் கூட்டத்தின் கடைசியில் நின்றுகொண்டு, இவர்கள் எந்த ராக்காயியைச் சொல்கிறார்கள் என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்த ராக்காயி வருஷக்கணக்காக என் தலைக்கு மேல் உட்கார்ந்து என் உயிரை வாங்கியவள். தலைக்கு மேல் என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் லயத்துக்குப் பின்னால் ஏறும் சரிவில் என் காய்கறி நிலத்துண்டு கீழே, அவளுடைய துண்டு அதற்கு நேர் மேலே.

நான் பெற்றீசியா. இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்கு மேலே கருங்கல்லுத் தோட்டத்தில், கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிறேன். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். என் புருஷன் செபமாலைக்குத் தேயிலை ஸ்டோரில் வேலை. நாங்கள் வேதக்காரர்கள். ராக்காயிக்கு அது ஒரு பெரிய வசதி. என் கோவா, அதாவது முட்டைக்கோஸ், அவளுடையதைவிடப் பெருத்தால், "பாதிரியாரு மந்திரிச்ச தண்ணிய ஊத்துறாடி அவ" என்று பீலியடியில் நின்று, தண்ணீர் பிடிக்க வந்த அத்தனை பேருக்கும் சொல்வாள். என் கோவா பெருத்ததற்குக் காரணம் அவளுக்கே நன்றாகத் தெரியும். பிறகு சொல்கிறேன்.

அவளுடைய தொழில் புல்லுக் கொந்தரப்பு. தேயிலைச் செடிகளுக்கு இடையில் புல் பூண்டு முளைக்காமல் பார்த்துக்கொள்ள, மலையில் ஒரு பங்கை ஒருவர் கையில் ஒப்படைத்துவிடுவார்கள். மலையை மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு ஐயா சுற்றி வரும்போது ஒரு புல் அவர் கண்ணில் பட்டாலும் போச்சு, அன்றைக்கு அரைப்பேர்தான். பாதிச் சம்பளம் என்று அர்த்தம். ராக்காயி அரைப்பேர் வாங்கியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. முனை வளைந்த ஒரு தகட்டுச் சுரண்டி வைத்திருப்பாள். குனிந்தால் நிமிர மாட்டாள். மண்ணை மேலாகச் சுரண்டிக்கொண்டே போவாள், புல் வேரோடு வரும், கூடவே மண்ணும் வரும். அவள் போன இடம் மெழுகிவிட்ட வாசல் மாதிரி இருக்கும். அடுத்த மழையில் அந்த மண்ணெல்லாம் வடிகால் கானில் இறங்கி ஆற்றோடு போய்விடும். ஆறு எந்நேரமும் தேத்தண்ணி நிறத்தில் ஓடியது. அதைப் பற்றி அந்தக் காலத்தில் துரைக்கும் கவலை இல்லை, கண்டாக்குக்கும் கவலை இல்லை. அவர்களுக்குப் புல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அவள் புருஷன் மூக்கன், சுதந்திரம் வந்ததற்கு அடுத்த வருஷம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். எங்கள் ஆட்களுக்கு ஓட்டும் இல்லை, நாடும் இல்லை என்று சட்டம் போட்டுக் கைகழுவிவிட்ட நேரம் அது. பெரியவர்களெல்லாம் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து இனி என்ன செய்வது, எங்கே போவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ராக்காயிக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. அவளுடைய கவலை அந்தச் சரிவுத் துண்டு. அது மூக்கன் பெயரில் இருந்தது. பொம்பளைக்குத் துண்டு கொடுக்கிற வழக்கமில்லை என்று சொல்லி, கண்டாக்கு ஐயா அதைச் செபமாலைக்குத் தருவதாக எங்களிடம் வாக்குக் கொடுத்திருந்தார். நான் என்னென்ன நடுவது என்றுகூட மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

அவர் வாக்குக் கொடுத்த மறுநாள் காலையில் பெரட்டுக்களத்தில், எல்லாரும் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கும்போது, இவள் பெரிய துரையின் முன்னால் போய் நின்றாள். கையில் சுரண்டி.

"சாமி, எம்புருசன்தான் செத்தாரு. மண்ணுமா செத்துப்போச்சு? அதுல பாடுபட்டவ நான் உசுரோடதான் நிக்கிறேன்."

கண்டாக்கு அதை இங்கிலீஷில் சொன்னபோது பாதியை முழுங்கிவிட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் துரைக்கு அவள் நின்ற தோரணையே பிடித்துவிட்டது. சிரித்துக்கொண்டு கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். துண்டு அவளுக்கே நின்றது. கண்டாக்கின் முகம் கறுத்துப்போனது. என் முகமும்தான். இதற்கு நான் அவளை மெச்சியிருக்க வேண்டும் என்று செபமாலை சொல்வார். எனக்கு மெச்சத் தோன்றவில்லை. கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போனவளுக்கு எங்கிருந்து மெச்சத் தோன்றும்?

அதோடு சண்டை ஆரம்பித்தது. சண்டைக்குப் பொருள் மண்.

மலையில் பழகிய கை வீட்டில் சும்மா இருக்குமா? தன் துண்டையும் அவள் சுரண்டினாள். உருளைக்கிழங்குக்கும் போஞ்சி அவரைக்கும் இடையில் ஒரு பச்சை இருக்கக் கூடாது. பாத்திகளையும் மேலிருந்து கீழாக நேராக இழுத்துவிட்டிருந்தாள், தண்ணீர் தேங்காமல் ஓட வேண்டுமாம். தண்ணீர் ஓடியது. மண்ணையும் கூட்டிக்கொண்டு ஓடியது. இரண்டு துண்டுக்கும் நடுவில் சாண் அகலத்தில் ஒரு எல்லைக் கான் இருந்தது. அது நிரம்பி, வழிந்து, அவளுடைய எருவும் சாம்பலும் கலந்த கறுப்பு மண் என் பாத்தியில் வந்து படிந்தது. என் லீக்ஸ் தண்டு முழங்கைத் தடிப்பில் வந்தது. அவள் துண்டில் பாறை தலைகாட்டத் தொடங்கியது.

ஒருநாள் பிள்ளைக்காம்பராவிலிருந்து வருகிறேன், என் பாத்தியில் உட்கார்ந்து கூடையில் மண் அள்ளிக்கொண்டிருக்கிறாள்.

"ஏய், என்னா செய்யிற?"

"என் மண்ண எடுத்துக்கிட்டுப் போறேன்."

"என் பாத்தியில கெடக்குறது ஒன் மண்ணா?"

"மோந்து பாருடி. என் வீட்டுச் சாம்பல் வாசம் அடிக்குதா இல்லியா?"

கூடையை நான் ஒரு பக்கம் பிடிக்க, அவள் ஒரு பக்கம் பிடிக்க, லயமே பின்பக்கம் வந்து நின்று வேடிக்கை பார்த்தது. கடைசியில் சங்கத்துத் தலைவர் சோலைமலையைக் கூட்டி வந்தார்கள். அவர் வேலைநிறுத்தத்துக்குப் பேசுவது போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். கானுக்குள் கிடக்கிற மண் ராக்காயிக்கு, கானைத் தாண்டிப் பாத்திக்கு வந்துவிட்ட மண் எனக்கு. இதைவிட மோசமான தீர்ப்பை ஒருவர் சொல்ல முடியாது. அன்று முதல் மழை இருட்டினால் ராக்காயி கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு கூடையோடு கானுக்குள் இறங்கிவிடுவாள். மண் தாண்டுவதற்கு முன்னால் அள்ள வேண்டுமே. நான் இஸ்தோப்பில் நின்று, அள்ள அள்ள வழியட்டும் என்று மாதாவை வேண்டிக்கொள்வேன். மேலே கொண்டுபோய்க் கொட்டியதை மறுபடி சுரண்டுவாள், மறுபடி அது கீழே வரும். பைத்தியக்காரி என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்த நினைப்பை மாற்றிக்கொள்ளவில்லை.

ஐம்பத்தேழிலோ ஐம்பத்தெட்டிலோ, மேல்கணக்கில் ஒரு லயத்தின் பின்சுவரை மண் சரிந்து தள்ளிவிட்டது. பகல் நேரம், ஆள் சேதமில்லை. ஆனால் துரை பயந்துபோனார். இது புதுத் துரை, சிரிக்காதவர். லயத்துக் காய்கறித் துண்டுகளால்தான் சரிவு இளகுகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெரட்டில் கண்டாக்கு உத்தரவை வாசித்தார். மண் காக்கிற வேலை தெரிந்த ஒரு அதிகாரி வருவார், புல் நாற்று, எரு எல்லாம் இனாமாகத் தருவார், குறுக்கே கான் வெட்ட இடம் காட்டுவார். வெட்டுவதும் நடுவதும் துண்டுக்காரர்கள் வேலை. பெருமழைக்குப் பிறகு எந்தத் துண்டு நிற்கவில்லையோ அதைத் தோட்டம் திரும்ப எடுத்துக்கொள்ளும். இதைச் சொல்லும்போது கண்டாக்கு ராக்காயியைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். அவளுடைய துண்டில் அப்போது பாதி பாறை.

வந்தவர் ஒரு சிங்கள இளைஞர். மாத்தியா என்றால் சிங்களத்தில் ஐயா; மண் மாத்தியா என்று நாங்கள் பெயர் வைத்துவிட்டோம். நல்ல மனுஷர், தமிழ்தான் தடுமாற்றம். முதல் நாள் வந்து, நிலம் யாருடையது என்று கேட்டார்.

"தோட்டத்தோடது" என்றாள் ராக்காயி.

"ஆ... அப்போ அம்மா?"

"நானும் தோட்டத்தோடதுதான் மாத்தியா. எங்களுக்கு வேற யாரு இருக்கா?"

அவர் ஒரு கம்பில் கட்டிய குழாய்க்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தபடி சரிவில் முளைக்குச்சிகளை அடித்துக்கொண்டே போனார். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த சாண் கானை மூடிவிட்டு, இடுப்பளவு புதுக் கான் ஒன்று வெட்ட வேண்டும், அதன் கீழ்க்கரை நெடுக, வேர் ஆழமாகப் பிடிக்கிற மானாப்புல் நட வேண்டும் என்றார். எல்லாம் சரிதான். ஆனால் அவர் அடித்த முளைகள் நேராக நிற்கவில்லை. பீலிப் பக்கம் ஒரு பள்ளம் இருக்கிறது, அங்கே முளைகள் வளைந்து ராக்காயியின் துண்டுக்குள் ஏறின. மறு ஓரத்தில், பாறைத் திட்டுப் பக்கம், வளைந்து என் துண்டுக்குள் இறங்கின.

எங்கள் இடத்தில் முளை அடித்தால் அது எல்லை. வேறு எதற்கும் யாரும் முளை அடித்து நாங்கள் பார்த்ததில்லை. லயங்களுக்கு இடையில் ஒரு முழ இடத்துக்காக மண்டை உடைந்திருக்கிறது. பள்ளத்துப் பக்கம்தான் ராக்காயிக்கு மிச்சமிருந்த ஆழமான மண். அதில் மூன்று பாத்தியை என் பக்கம் தள்ளிக் கோடு போட்டால் அவள் சும்மா இருப்பாளா?

"எவ்வளவு குடுத்த?" என்றாள் என்னிடம்.

"நீ எவ்வளவு குடுத்த? பாறைப்பக்கம் என் நோக்கோல் பாத்தி பூராவும் ஒன் பக்கம் போவுதே, அது எப்புடி?"

இரண்டு பேருமாகப் போய் மண் மாத்தியாவை மறித்துக்கொண்டோம். கோடு ஏன் கோணலாக இருக்கிறது, நேராக அடியுங்கள் என்றோம். அவர் பொறுமையாகச் சொன்னார்.

"கோடு நேர் போக வேணாங் அம்மா. தண்ணி நேர் பாக்கறது இல்ல. தண்ணி மட்டம் பாக்கறது."

தலையை ஆட்டினோம். ஒன்றும் விளங்கவில்லை. அவர் புல் நாற்றுக் கட்டுகளை இறக்கி வைத்துவிட்டு, மழைக்கு முன் முடித்துவிடுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். அவர் போன ஜீப் சத்தம் அடங்கியதும் ராக்காயி முளைகளைப் பிடுங்கினாள். ஒரு நூல் கயிற்றை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் இழுத்துக் கட்டினாள்.

"நேராப் போகட்டும். ஒனக்கும் வேணாம் எனக்கும் வேணாம்" என்றாள்.

"போகட்டும்" என்றேன் நான்.

அத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனது அன்று ஒரு தடவைதான். அதன் லட்சணத்தைப் பின்னால் பார்த்தோம். கண்டாக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கான் நேர்த்தியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கும் நேராக இருந்தால் போதும்.

வெட்டுகிற வேலையை அவளே செய்தாள். என்னை நம்பி ஒரு அடிகூட விடவில்லை. நான் என் பங்குக்குக் கீழ்க்கரையில் மானாப்புல்லை நட்டேன். துண்டு எனக்கும் வேண்டுமே. ஒரு வரிசை பச்சை பிடித்து நின்றது. நாலாம் நாள் காலையில் கதவைத் திறக்கிறேன், என் வாசற்படியில் அத்தனை புல்லும் அடுக்கி வைத்திருக்கிறது. வேர் மண் ஒட்டாமல் உதறி, நுனியை ஒரு பக்கமாக்கி, கண்டாக்குக்குக் காட்டுவதற்கு அடுக்குவது போல.

எனக்கு வந்த ஆத்திரத்தில் தலைமுடியைக்கூட முடியாமல் மேலே ஏறினேன்.

"ஏண்டி, கண்ணு அவிஞ்சு போச்சா? மண்ணப் புடிச்சு நிக்கத்தானே நட்டது?"

"புல்லுடி அது" என்றாள். என்னவோ நான் அவள் வீட்டுக்குள் பாம்பை விட்டது போல ஒரு பார்வை. "பொறந்ததுலேருந்து புல்ல புடுங்கிப் புடுங்கித்தான் நான் சோறு திங்கிறேன். எங்காலடியில புல்லு நட்டு வச்சிட்டு என்னைய தூங்கச் சொல்றியா?"

"மாத்தியா சொன்னாரு."

"மாத்தியா இன்னிக்கு சொல்லுவாரு. நாளைக்கு கண்டாக்கு வந்து புல்லு நிக்குதுன்னு தொரைகிட்ட சொல்லுவான். துண்டு யாருக்கு போவும்? ஒனக்கு!"

கண்டாக்கு அப்படிச் செய்யக்கூடியவர்தான். ஆனால் அதை அவளிடம் ஒப்புக்கொள்ள எனக்கு என்ன தலையெழுத்தா? இருந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டு இறங்கினேன். புல்லை மறுபடி நட்டேன். மறுபடி பிடுங்கினாள். மூன்றாம் முறை நடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

அந்த வருஷத்து மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விடாமல் பெய்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டுச் செபமாலையும் நானும் குடையோடு வந்துகொண்டிருந்தோம். லயத்தைப் பார்த்ததும் அவர் குடையைப் போட்டுவிட்டு ஓடினார்.

நேராக வெட்டிய கான் பள்ளத்துப் பக்கம் தாழ்ந்து போயிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரிந்துவிட்டது. சரிவுத் தண்ணீர் முழுக்க அந்த ஒரு இடத்தில் கூடி, புல்லும் இல்லாத கரையை உடைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறது. கரை போனதும், மேலே பிடிப்பில்லாமல் நின்ற ராக்காயியின் மண் அப்படியே வழுக்கி இறங்கிவிட்டது. அவள் துண்டு இருந்த இடத்தில் மழையில் கழுவி எடுத்த பாறை. என் துண்டில் ஆள் மார்பளவுக்கு மண். எங்கள் வீட்டுக் காம்பராவின் பின்சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சம் வந்திருந்தால் நாங்கள் வீட்டுக்குள் போயிருக்க வழியில்லை.

ராக்காயி மேலே பாறையில் நின்றுகொண்டிருந்தாள். கத்தவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை. அவள் வாயை மூடிக்கொண்டு நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பரிதாபம் வரவில்லை. பயமாக இருந்தது.

மண் மாத்தியா வந்தார். பிடுங்கிப்போட்ட முளைகளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஐயோ அம்மே" என்றார். துரை தீர்ப்புச் சொன்னார். மேல் துண்டு தோட்டத்துக்குத் திரும்புகிறது, அதில் புல்லும் சவுக்கும் நட வேண்டும். கீழ்த் துண்டுக்காரர்கள் சுவரோரத்து மண்ணை வாரி, பாத்தி மட்டம் செய்துகொண்டால் வைத்துக்கொள்ளலாம். பெரட்டில் ராக்காயி முன்னால் வந்து நின்றாள். இந்த முறையும் கையில் சுரண்டி. துரை அவள் பக்கம் திரும்பவே இல்லை. கண்டாக்கு பல் தெரியச் சிரித்தார்.

அன்று சாயந்தரம் அவள் கூடையோடு என் துண்டுக்கு வந்தாள்.

"என்னாத்துக்கு வந்த?"

"மண்ணுக்கு."

நான் தடுக்கவில்லை. சுவரோரம் குவிந்து கிடக்கிறது, அள்ளிக்கொண்டு போனால் எனக்குத்தான் வேலை மிச்சம். அவள் கூடை நிறைய அள்ளினாள். தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். சரிவில் ஏறத் திரும்பினவள் அப்படியே நின்றுவிட்டாள். மேலே தோட்டத்து ஆட்கள் கம்பி வேலி கட்டிக்கொண்டிருந்தார்கள். கொண்டுபோய்க் கொட்ட இடமில்லை. மண்ணைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் நின்ற அந்த நிலையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். அவளுக்காக இரங்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

"நின்னுகிட்டே இருந்தா கழுத்து சுளுக்கிக்கும்" என்றேன்.

அவள் என்னை முறைத்தாள். பிறகு என் துண்டின் நடுவிலேயே கூடையைக் கவிழ்த்தாள். குனிந்து, கையால் பரப்பி, பாத்தி கட்ட ஆரம்பித்தாள்.

"ஏய், ஏய்! இது என் துண்டு!"

"மண்ணு என்னுது."

"கானத் தாண்டி வந்தா எனக்குன்னு தலைவர் சொன்னாரு!"

"கான் எங்கடி இருக்கு, தாண்டுறதுக்கு?"

சோலைமலையைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவர் வந்து பார்த்தார். கானும் இல்லை, பழைய பாத்தியும் இல்லை, ஒரே மண். தொண்டையைச் செருமினார். சங்கக் கூட்டம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

அப்படித்தான் அவள் வந்து குடியேறினாள். பள்ளத்துப் பக்கம் அவள், பாறைத் திட்டுப் பக்கம் நான். யாரும் பங்கு பிரிக்கவில்லை. விடிந்ததும் வேலைக்குப் போகுமுன் வந்துவிடுவாள், வேலை விட்டதும் நேரே வந்துவிடுவாள். நான் உருளைக்கிழங்கு போட்டால் அவள் போஞ்சி போடுவாள், நிழல் அடிக்கட்டும் என்று. அவள் தண்ணீர் விட்டால் நான் வழியில் குந்தியிருப்பேன். மேலே தோட்டத்துக்காரர்கள் மண் மாத்தியா காட்டிய வளைவிலேயே கான் வெட்டி மானாப்புல் நட்டார்கள். அது பிடித்துக்கொண்டது. அடுத்த மழையில் ஒரு கூடை மண்கூடக் கீழே வரவில்லை. அந்தப் புல்லின் மேல் ராக்காயியின் கண் போய்க்கொண்டே இருக்கும். கை தானாக நீளும்.

"புல்லத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்."

"ஒண்ணே ஒண்ணு துருத்திக்கிட்டு நிக்குதுடி..."

"நிக்கட்டும்!"

அவள் பார்வையைப் பிடுங்கிக்கொண்டு போஞ்சிக்குத் திரும்புவாள். இரண்டு கண்ணாலும் அழாத குறை.

ஐப்பசியில் கண்டாக்கு துண்டுகளைச் சரிபார்க்க வந்தார். கூட ஒரு வாட்சர். எங்கள் துண்டில் கோவா வரிசை வரிசையாக முற்றி நின்றது. பார்த்தவர் முகத்தில் சந்தோஷமில்லை. ராக்காயி குனிந்தபடியே இருந்தாள், நிமிரவில்லை. அவள் முதுகு மட்டும் விறைத்தது.

"பெற்றீசியா, இவ என்னா செய்யிறா இங்க?"

"பாத்தி கட்டுறாங்கய்யா."

"அது எனக்குத் தெரியாதா? ஒரு துண்டுக்கு ஒரு குடும்பம். அதுதான் சட்டம். இவ துண்டத் தோட்டம் எடுத்தாச்சு. நீ ஒரு வார்த்த சொல்லு, இவ அத்துமீறி வந்து குந்திக்கிட்டா, போகமாட்டேங்கிறான்னு. வாட்சர வச்சு இப்பவே தூக்கி வெளிய போட்டுர்றேன். தொரைகிட்டயும் சொல்லிடுறேன். துண்டு பூராவும் ஒனக்கு."

எத்தனை வருஷமாக நான் மாதாவிடம் கேட்டது! அதைக் கையில் வைத்து நீட்டுகிறார். ஒரு வார்த்தைதான். பொய்யும் இல்லை. அவள் அத்துமீறி வந்தவள், போகச் சொன்னால் போகாதவள். வாயைத் திறந்தேன். கண்டாக்கு சிரித்தார். மூக்கன் செத்த வருஷம் துரை முன்னால் இவளிடம் தோற்றதற்கு இன்றைக்குக் கணக்குத் தீர்க்கிற சிரிப்பு. அதற்கு என் வாய் அவருக்கு வேண்டியிருக்கிறது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ராக்காயியைத் திட்டலாம், அடிக்கலாம், விரட்டலாம். அத்தனையும் நான் செய்யலாம். அவளோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி என் தலை நரைத்திருக்கிறது. இந்த ஆள் யார்?

"அத்துமீறி எங்கங்கய்யா வந்தா? மண்ணு மேலேருந்து வந்துச்சு. மண்ணுக்குப் பின்னாலேயே அவளும் வந்துட்டா. இப்ப அவளை எங்க போகச் சொல்றீங்க?"

"அப்ப இவ யாரு ஒனக்கு?"

"எங்க வீட்டு ஆளு."

"ஒன் வீட்டு ஆளா? நீ வேதக்காரி, அவ மாரியம்மாவுக்குத் தீச்சட்டி எடுக்குறவ!"

"எங்க வீட்டு ஆளுங்கய்யா. தொரைகிட்ட அப்புடியே சொல்லுங்க. நானும் பெரட்டுல வந்து சொல்றேன்."

கண்டாக்கு காறித் துப்பிவிட்டு வாட்சரோடு இறங்கிப் போனார். அதன்பிறகு அந்தத் துண்டுப் பக்கம் அவர் வரவில்லை. ராக்காயி சாகும்வரை அங்கேதான் பாடுபட்டாள்.

அவர் தலை மறைந்ததும் ராக்காயி நிமிர்ந்தாள். முகமெல்லாம் மண். கண்ணும் மூக்கும் ஒழுகியது, புறங்கையால் துடைத்துக்கொண்டாள். ஏதாவது சொல்லுவாள் என்று நின்றேன். அவள் என் வரிசைக்கு நடந்து வந்தாள். இருந்ததிலேயே பெரிய கோவாவாகப் பார்த்து, என் கண் முன்னாலேயே வெட்டி மடியில் கட்டினாள்.

"வீட்டு ஆளுன்னுதானே சொன்ன" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அன்றைக்கு மட்டும் விட்டுவிட்டேன். மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக அவள் வரிசையில் இரண்டு வெட்டிக்கொண்டு வந்தேன்.